படுகையில் கட்டிய வீடு

கிட்ட வந்து உட்காருங்கள் என் கண்ணுகளா. பனி இறங்கிவிட்டது, கம்பளியைக் காலுக்கும் சேர்த்து இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டு காலமெல்லாம் திரிந்த ஒரு மனுஷனையும், அந்த வார்த்தையால் அவன் பெண்டாட்டி பட்ட பாட்டையும் சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அவளே பிறகு நினைத்து நினைத்துச் சிரித்தவள்தான்.

பாஞ்சாலை, ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவள். அங்கேயே பிறந்து அங்கேயே வாக்கப்பட்டவள். சமமான இடம் என்று சொல்ல அந்தத் தோட்டத்தில் எதுவும் கிடையாது. பிள்ளைகள் பந்து விளையாடினால் ஒரு கட்சி மேலே ஏறி ஏறி விளையாடும், இன்னொரு கட்சி கீழே இறங்கி இறங்கி விளையாடும். பந்து தப்பிவிட்டால் ஆட்டம் முடிந்தது, அது ஆற்றில் போய்த்தான் நிற்கும். திருவிழாவுக்குப் பந்தல் போட்டால் ஒரு பக்கத்துக் கால் ஆள் உயரம், மறு பக்கத்துக் கால் முழங்கால் உயரம். லயத்து வரிசை வீட்டில் குழம்புச் சட்டியைத் தரையில் வைத்தால் குழம்பு ஒரு ஓரமாகச் சாய்ந்து நிற்கும்.

இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, அவள் புருஷன் இராமையா வாயைத் திறந்தால் 'படுகை' என்பார்.

இராமையாவின் அப்பா குளித்தலைப் பக்கத்துக் காவிரிக்கரைக்காரர். கப்பலேறித் தேயிலை வேலைக்கு வந்தவர். இராமையா பிறந்ததோ இதே தோட்டத்து லயத்தில். படுகையை அவர் கண்ணால் கண்டதே இல்லை. ஆனால் அப்பா சொன்னதைக் கேட்கிறவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கு இன்னும் விரிவாகச் சொல்வார்.

"படுகைன்னா சும்மா பள்ளம் இல்ல. பள்ளத்துல தண்ணி நிக்கும், நாறும், கொசு வரும். படுகை அப்படி இல்ல. ஆத்த ஒட்டித் தாழ்வா, தட்டையாக் கெடக்குற நெலம். ஆறு வரும், மேல ஏறிப் படுத்துக்கும், கெடக்கும், எந்திரிச்சிப் போயிரும். போறப்ப சும்மா போவாது. வண்டல விட்டுட்டுப் போவும். வாழ வெச்சா வாழ, வெத்தல வெச்சா வெத்தல. எருவே கேக்காது."

அரிசி களையும்போது இதைக் கேட்டாள். பிள்ளை பெற்றுப் படுத்திருக்கும்போது கேட்டாள். இரண்டு பெண்களையும் மலையடித் தாப்பா ஊரில் கட்டிக்கொடுத்தபோது, சம்பந்தி வீட்டில் முதல் பேச்சாக இதைத்தான் கேட்டாள். தலையில் அடித்துக்கொள்ள முடியாமல் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யாராவது 'பள்ளம்' என்று சொல்லிவிட்டால் இராமையா திருத்துவார். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி 'பிளாட்' என்றால் அவரையும் திருத்துவார். லோரிக்காரர்கள் 'லெம்பா' என்றால் அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. "லெம்பான்னா பெரிசு. ரெண்டு மலைக்கு நடுவுல இருக்கற மொத்தமும் லெம்பாதான். அதுல அடியில, ஆத்துக்குப் பக்கத்துல மட்டும் பாய் விரிச்ச மாரி கெடக்கு பாரு, அதான் படுகை. எல்லாத்தயும் போட்டுக் கொழப்பக்கூடாது லா."

யாருக்குத் தேவை இந்தக் கணக்கு? தோட்டத்துச் சனங்களுக்கு மேடும் தெரியும், அதைவிடப் பெரிய மேடும் தெரியும். ஆகவே அவருக்குப் பேரே 'படுகையார்' என்று ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மணியம்மா ஒரு நாளாவது சும்மா விடமாட்டாள்.

"யக்கா, படுகையாரு சாப்புட்டாச்சா? இல்ல ஆறு வந்து ஊட்டிவிடணுமா?"

"நீ வேற ஏன்டி. வாய மூடிட்டு கூடைய தூக்கு."

பாஞ்சாலை மட்டும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். அவர் படுகை என்றால் இவள் வேண்டுமென்றே பள்ளம் என்பாள். கல்யாணமான நாள் தொட்டு அப்படித்தான்.

எழுபத்தெட்டாம் வருஷம் இராமையாவுக்கு வயதாகிவிட்டது என்று வேலையை நிறுத்தினார்கள். அங்கேதான் பிடித்தது சனி. வீட்டில் சும்மா இருந்த மனுஷன் ரிங்லெட்டுக்கு இறங்கினார். கடைத்தெருவில் நல்லுசாமியைப் பார்த்தார். நல்லுசாமி, லெம்பா பெர்த்தாமில் கோஸும் சாவிக்கீரையும் போடுகிற கிழவர். ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருந்தார். இடுப்பு விட்டுப்போய்விட்டது, மகன்கள் ஈப்போவில் இருக்கிறார்கள். கூட நின்று பாதிக்குப் பாதி பயிர் செய்ய ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

"எடம் எப்டி?" என்று கேட்டாராம் இராமையா.

"எடமா? தட்ட. ஆத்தோரம். மழைக்கு ஆறு ஏறும், எறங்கும்."

அவ்வளவுதான். கோயில் கதவு திறந்த மாதிரி இராமையாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மறுநாளிலிருந்து விடிந்தால் காய்கறி லோரியில் இறங்குவார், சாயங்காலம் லோரியோடு ஏறி வருவார். அதோடு விட்டிருந்தால் பாஞ்சாலை வாயைத் திறந்திருக்க மாட்டாள். வீட்டில் காலைச் சுற்றிக்கொண்டு கிடக்காமல் ஒழிந்ததே என்று நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஒரு நாள் கொழுந்து நிறுவைக்கு நின்றபோது கிராணி சிவசாமி தலையைத் தூக்கினார்.

"என்னா பாஞ்சாலை, மாசக் கடைசியோட வேலைய விட்டுப் பேரு வெட்டிக்கப் போறியாமே?"

பாஞ்சாலை கூடையைக் கீழே வைத்தாள். "யாருய்யா சொன்னா?"

"ஒன் வீட்டுக்காரர்தான் வந்து சொன்னாரு. கீழ படுகைல வீடு கட்டுறாராம். பொஞ்சாதியையும் கூட்டிட்டுப் போயிருவாராம். நல்லா யோசிச்சுக்க. பேரு வெட்டுனா வீடும் போயிரும். ஒங்க வீட்டுக்கு ஆள் காத்துக்கிட்டு நிக்குது. அப்பறமா வந்து ஐயா சாமின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

தோட்டத்தில் வழக்கம் அது. வேலை செய்கிறவர் பேரில்தான் வீடு. இராமையா நின்றுவிட்டதால் இப்போது வீடு பாஞ்சாலையின் பேரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளும் நின்றுவிட்டால் கதவுக்கு வேறு பூட்டு வந்துவிடும். அவள் பிறந்த லயம் நாலு வாசல் தள்ளி இருந்தது. அம்மா செத்தது அங்கே. அவளுக்குப் போக்கிடம் என்று பூமியில் இருந்தது அந்த ஒண்ணரை அறைதான்.

பின்னால் நின்ற மணியம்மா, "யக்கா, போயிராத, யாருகிட்ட நான் வம்பு இழுக்குறது?" என்றாள். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தவள் முடிப்பதற்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் பாஞ்சாலை உலை வைக்கவில்லை. இராமையா வந்து காலைக் கழுவினார்.

"என்னா, அடுப்பு எரியலயா?"

"நான் பேரு வெட்டப் போறவதானே, எனக்கு எதுக்கு அடுப்பு?"

இராமையா துண்டால் காலைத் துடைத்துக்கொண்டே நின்றார். துடைத்த காலையே மறுபடி துடைத்தார்.

"ஒங்கிட்ட சொல்லலாம்னுதான்..."

"எப்ப? சாமான லோரில ஏத்தினப்பறமா?"

"ஏன் புள்ள கத்துற. நெதம் ஏறி எறங்க முட்டி வலிக்குது. அங்க ஒரு சின்ன வீடு, நாலு பலகை, சிங்க் தகரம். சமதரையில..." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "பொறந்ததுலேர்ந்து சாஞ்சே படுத்திருக்கேன் புள்ள. ஒரு தடவையாச்சும் சமதரையில வீடு கட்டி அதுல நேரா நீட்டிப் படுக்கணும். படுகையில."

கோபத்தில் அரைமணி நேரம் திட்டுவதற்கு அவள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். அந்த 'நேரா நீட்டிப் படுக்கணும்' என்பதைக் கேட்டதும் பாதி வார்த்தை மறந்துபோனது. மீதிப் பாதியைச் சொல்லித் தீர்த்துவிட்டு உலை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, சரி என்னதான் இருக்கிறது பார்த்துவிடுவோம் என்று அவரோடு லோரியில் இறங்கினாள்.

நிலத்தில் காலை வைத்ததும் தடுமாறினாள். பிறந்ததிலிருந்து ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே வைத்துக் கொழுந்தெடுத்த உடம்பு. சமதரையில் ஒரு காலுக்கு வேலையே இல்லாமல் போய்விட்டது. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தவளை இராமையா பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு. பழகிரும்."

"ஒண்ணும் பழக வேணாம். கைய விடுங்க."

கோஸுப் பாத்திகளைப் பார்த்தாள். பாதி இலை மஞ்சள் அடித்துக் கிடந்தது. ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, பார்த்ததுமே தெரிந்தது. மலைக்காட்டில் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு ஓடாமல் இருக்கச் சரிவுக்குக் குறுக்கே சாய்வாகக் கான் என்கிற சின்ன வாய்க்கால் வெட்டி, இடையிடையே குழி போட்டு மண்ணை நிறுத்துவார்கள். இராமையா தோட்டத்தில் காலமெல்லாம் செய்த வேலை அது. சரிவே இல்லாத இடத்திலும் மனுஷன் அதே மாதிரி சாய்வுக் கான் வெட்டி, குழியும் போட்டு வைத்திருந்தார். தண்ணீர் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் குழியில் குந்திக்கொண்டிருந்தது.

கரைமேலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு நல்லுசாமி இறங்கி வந்தார்.

"வா தங்கச்சி. பாத்தியா ஒன் வீட்டுக்காரரு கைவண்ணத்த? மொத மொத வந்து கான் வெட்டுறேன்னாரு. அனுபவசாலின்னு விட்டுட்டேன். மத்தியானம் வந்து பாத்தா, படுத்திருக்குற ஆளுக்கு ஏணி வெச்ச மாரி வெட்டி வெச்சிருக்காரு."

"அண்ணே, அதான் நேராக்கிடறேன்னு சொல்லிட்டேனே," என்றார் இராமையா.

பாஞ்சாலை வீட்டைப் பார்த்தாள். ஆற்றிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை. நாலு தூண், இரண்டு பக்கம் பலகை, மேலே பாதி தகரம். வாசல் வைக்க விட்டிருந்த இடத்தில் ஒரு செவ்வந்திச் செடி வேறு நட்டிருந்தார். பிறகு அவள் தலையைத் தூக்கி, நல்லுசாமி இறங்கி வந்த கரையைப் பார்த்தாள். அவர் வீடு அங்கே, மேட்டில் இருந்தது. அடுத்த நிலத்துக்காரர் வீடும் மேட்டில். அதற்கடுத்ததும் மேட்டில்.

"அண்ணே, நீங்க ஏன் கீழ வீடு கட்டல?"

"கீழயா? அது பயிருக்கு விட்டது தங்கச்சி. மழக்காலத்துல ஆறு வரும். இவருகிட்டயும் சொன்னேன். ஒரு காதுல வாங்கி எனக்கே திருப்பிப் படுகைன்னா என்னான்னு வெளக்கம் சொல்றாரு. நான் என்னா செய்ய?"

பாஞ்சாலை புருஷன் பக்கம் திரும்பினாள். இவ்வளவு காலம் காதில் விழுந்து விழுந்து எரிச்சலோடு மனப்பாடம் ஆகிப்போனதெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது.

"இந்தாங்க. ஒங்க ஐயா வீடு எங்க இருந்துச்சு?"

"குளித்தலப் பக்கம்."

"அது தெரியும். வீடு, வீடு. அந்த வாழையும் வெத்தலையும் போட்ட எடத்துலயா இருந்துச்சு?"

இராமையா செவ்வந்திச் செடியைப் பார்த்தார். "மேட்டுத்தெருவுல."

"கீழ யாரு வீடு இருந்துச்சு?"

"யாரு வீடும் இல்ல. காவலுக்கு ஒரு குடிசை போடுவாங்க. மழ வந்தா பிரிச்சிருவாங்க."

நல்லுசாமி கம்பை மாற்றி ஊன்றிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பது மாதிரி நின்றார்.

"ஆனா அது காவேரி லா," என்றார் இராமையா. "பெரிய ஆறு. இது சின்னது. இவ்வளவு தூரம் ஏறி வராது."

"வராதா?"

"வராது."

"அப்ப இது வெறும் பள்ளம்."

இராமையாவுக்குச் சுரீரென்று ஏறிவிட்டது. "என்னா சொன்ன?"

"நீங்க சொன்னதுதான். ஆறு வந்து படுத்து எந்திரிச்சாத்தான் நீங்க சொல்ற அது. வராதுன்னா இது பள்ளம், நாறும், கொசு வரும். வரும்னா வீடு கட்டக் கூடாது. ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க. மாசக் கடைசிக்குள்ள நான் கிராணி ஐயாவுக்குப் பதில் சொல்லணும்."

"படுகைதான். ஆறு வரும். ஆனா வீட்டுப் பக்கம் வராது."

"ஆறு ஒங்ககிட்ட கேட்டுக்கிட்டா வந்து பாய் விரிக்கும்?"

நல்லுசாமிக்கு அடக்க முடியவில்லை, இருமுவது மாதிரி சிரித்தார். திரும்பி ஏறும்போது லோரியில் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகும் அந்த மனுஷன் வீடு கட்டுவதை நிறுத்தவில்லை, கண்ணுகளா. கான்களை நேராக்கினார், பாத்தியை உயர்த்தினார், அதையெல்லாம் நல்லுசாமி சொன்னபடி செய்தார். வீட்டை மட்டும் விடவில்லை. மீதித் தகரத்தையும் அடித்தார். பாஞ்சாலை பேசுவதை நிறுத்தினாள். சோற்றை வைப்பாள், தண்ணீர் வைப்பாள், 'டொக்' என்று வைப்பாள். அந்தச் சத்தத்திலேயே எல்லாம் சொல்லிவிடுவாள்.

மாசம் முடிய ஒரு நாள் இருந்தது. விடியும் முன்னே பிடித்த மழை. கங்காணி ஒன்பது மணிக்கே வேலையை நிறுத்தி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். இராமையா அதற்கும் முன்னாலேயே கீழே இறங்கியிருந்தார். மத்தியானம் காய்கறி லோரி காலியாக மேலே வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யக்கா, ஆறு ஏறிருச்சு! கீழ பூரா எடமும் தண்ணி!" என்றான்.

"அவரு?"

"காலைல கீழதான் நின்னாரு. அப்பறம் பாக்கல."

பாஞ்சாலை மழைக்குப் போடும் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு, லோரியைத் திருப்பச் சொல்லி அப்படியே ஏறினாள். கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்ததுகூட அவளுக்கு நினைப்பில்லை. மணியம்மாதான் ஓடிப்போய்ச் சாத்தினாள். வளைவுக்கு வளைவு பாஞ்சாலை அவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுவதை நிறுத்தினால் வேறு ஏதாவது நினைப்பு வந்துவிடும் என்று பயந்து திட்டினாள். டொக் டொக்கென்று சோறு வைத்த சத்தமெல்லாம் அவளுக்கே திரும்பக் கேட்டது.

கரையில் இறங்கிப் பார்த்தாள். கீழே நிலமே இல்லை. செம்பழுப்புத் தண்ணீர், கரையிலிருந்து கரைவரை, சத்தமில்லாமல் விரிந்து கிடந்தது. நடுவில் நாலு தூண். ஒரு பக்கத்துப் பலகை இல்லை. தகரம் ஒரு மூலையில் தொங்கி, தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஆடியது.

"ஏங்க!" என்று கத்தினாள்.

"இந்தா இருக்கேன் புள்ள!"

நல்லுசாமி வீட்டு வாசலில், சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இராமையா உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் சேறு. குளிரில் பல் கிடுகிடுத்தது. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பேரப்பிள்ளையை முதல் தடவை கையில் வாங்கினவர் மாதிரி மின்னியது.

"பாத்தியா பாஞ்சால? பாரு, பாரு. எப்டி வந்து படுத்திருக்கு பாரு! நான் சொன்னேன்ல? படுகைதான்!"

அவளுக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிப்பிடித்து அழவும் வேண்டும்போல் இருந்தது. இரண்டும் செய்யாமல் பக்கத்தில் போய் தொப்பென்று உட்கார்ந்தாள். "வீடு போச்சு. பயிர் போச்சு. கீழ நின்னிருந்தா ஆளும் போயிருப்பீங்க. இதுல இளிப்பு வேற."

"நான் அப்பவே மேல ஏறிட்டேன். ஏறி நின்னு பாத்தேன். காலைலேர்ந்து கண்ணு எடுக்காம பாத்துக்கிட்டிருக்கேன்." அவர் குரல் தணிந்தது. "ஐயா சொன்னது அப்படியே இருக்கு புள்ள. சத்தமே போடல. வந்து, படுத்துக்கிச்சு."

உள்ளேயிருந்து நல்லுசாமி இரண்டு கோப்பை சுடுகாப்பியோடு வந்தார். "காலைலேர்ந்து இதே பேச்சு தங்கச்சி. என் கோஸு போச்சேன்னு நான் அழுவுறேன், இவரு ஆத்தப் புகழுறாரு. கூட்டிட்டுப் போயிரு."

பாஞ்சாலை காப்பியை இராமையா கையில் பிடித்துவைத்தாள். கோப்பையை விடாமல் தானும் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப, ஆறு வருது," என்றாள்.

"வருது."

"வீடு வரைக்கும் வருது."

இராமையா தொங்கிய தகரத்தைப் பார்த்தார். காப்பியை ஒரு வாய் குடித்தார்.

"படுகைல வீடு வெக்கக் கூடாது," என்றார், யாரோ சொன்னதை ஞாபகப்படுத்திக்கொள்கிறவர் மாதிரி. "ஐயாவும் சொல்லியிருப்பாரு. நான் அந்த எடத்துல சரியாக் கேக்கல போல."

மறுநாள் பாஞ்சாலை கொழுந்து நிறுவைக்கு நின்றாள். கிராணி சிவசாமி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னிக்குத்தான் கடைசி. என்னா முடிவு?" என்றார்.

"பேரு வெட்டல ஐயா. வீடு வீடாவே இருக்கட்டும்."

"வீட்டுக்காரர் எங்க? அவரு வந்து என்கிட்ட சண்ட போட மாட்டாரே?"

"மாட்டாரு. அவரு படுகைக்குப் போயிருக்காரு, தண்ணி எறங்கிருச்சான்னு பாக்க."

வரிசையே திரும்பிப் பார்த்தது. மணியம்மா வாயில் கையை வைத்துக்கொண்டாள். "யக்கா! ஒங்க வாயிலயா?"

"ஆமாடி. அதுக்கு வேற என்னா பேரு சொல்லுவ? பள்ளம்னு சொன்னா மனுஷன் சண்டைக்கு வருவாரு." சொல்லிவிட்டுக் கூடையை நிறுவையில் கவிழ்த்தாள்.

சாயங்காலம் இராமையா வந்தார். கைலேஞ்சித் துணியில் எதையோ பொதிந்து கொண்டுவந்து அடுப்படியில் அவிழ்த்தார். வண்டல். கறுத்து, வழவழவென்று, பிசைந்த மாவு மாதிரி. பாஞ்சாலை இரண்டு விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். மலைமண்ணில் இருக்கிற பருக்கைக் கல் ஒன்றுகூட விரலில் தட்டவில்லை.

"ம்," என்றாள்.

அந்த 'ம்' அவருக்குப் போதும். தூணையும் மிஞ்சின பலகையையும் நல்லுசாமி வீட்டுப் பக்கத்து மேட்டில் ஒரு சின்னக் கொட்டகையாகப் போட்டுக்கொண்டார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அதில் நேராக நீட்டிப் படுப்பார். சாயங்காலம் லோரியில் ஏறி, சாய்ந்த வீட்டுக்கு வந்துவிடுவார். பாஞ்சாலை தன் வேலை நிற்கிற காலம்வரை கொழுந்தெடுத்தாள். அடுத்த போகத்துக் கோஸ் ஒன்றை அவர் தூக்கி வந்தபோது அதைத் தரையில் வைத்தார். அது உருண்டு மணியம்மா வாசலில் போய் நின்றது. "யக்கா, படுகை என் வீட்டுக்கே வந்துருச்சு, திருப்பித் தர மாட்டேன்!" என்று அங்கிருந்தே கத்தினாள் அவள்.

அவ்வளவுதான் என் செல்லங்களா. கம்பளியை மடித்து வையுங்கள். உங்கள் வீடு மேட்டில் நிற்கட்டும், உங்கள் பயிர் படுகையில் விளையட்டும். ஆறு வந்தாலும் உங்கள் வாசல்வரை வராமல் வண்டலை மட்டும் வைத்துவிட்டுப் போகட்டும். கோபித்துக்கொண்டு டொக்கென்று வைத்தாலும் சரி, உங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் சோறு வைக்க ஆள் இருக்கட்டும்.